முதுமையை நிறுக்கும் படிக்கல்



நம் கடைத் தராசில் சர்க்கார் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் கட்டுகிறோம். மனிதரின் மனத்தை நிறுக்கும் தராசுக்கு முத்திரை வைப்பவர் யார்?

சென்ற மாதம் 78 வயதான என் உம்மாவை ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். மனப்பதற்றம் உண்டா என்று அறிய, இளம் தாதி ஒருவர் கேள்வித்தாளை வாசித்தார். கை நடுங்குகிறதா? ஆம். தலை சுற்றுகிறதா? ஆம். கை நடுக்கம் பத்து வருஷமாக உள்ளது. தலைச்சுற்றல் இரத்த அழுத்த மாத்திரையால் வருவது. எல்லாம் கணக்கில் ஏறின. "கவலை அதிகமா?" என்றதும் உம்மா நிமிர்ந்து, "அல்லாஹ் இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்றார்கள். அதற்குப் பூஜ்யம். இரவில் மூன்று தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதை அந்தத் தாள் கேட்கவேயில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

தாதிமீது குற்றமில்லை, கையில் கொடுத்த படிக்கல்லை அவர் வைத்தார். அமெரிக்காவில் 1988-ல் பெக் என்பவர் வெளியிட்ட 21 அம்சப் பட்டியலில் உடல் உபாதைகளே மிகுதி. முதியவரிடம் அவை நோயாலும் மருந்தாலும் வரக்கூடியவை அன்றோ? ஆகவே 2007-ல் ஆஸ்திரேலியர் சிலர் முதியோருக்கென்றே 20 வாக்கியங்களை, உடல் உபாதைகளைக் குறைத்து, 'ஒப்புகிறேன், ஒப்பவில்லை' என்ற இரண்டே விடைகளுடன் ஆக்கினார்கள். 2006-ல் வந்த ஏழு கேள்வித் தாளுக்கு 10 மதிப்பெண் எல்லை. ஜெர்மனியில் முதியோரிடம் சோதித்தவர்களோ 5 போதுமென்று 2014-ல் எழுதினர். பழைய எல்லையையே பிடித்துக்கொண்டால், உள்ளுக்குள் தவிப்பவர் பலர் 'சுகம்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவர்.

சரிபார்க்கும் முறை எளிதாய்ப் புரிவதே. தாளின் கணக்கைப் பாராத தேர்ந்த டாக்டர் ஒருவர் அதே முதியவரிடம் சாவகாசமாகப் பேசித் தம் முடிவைச் சொல்வார். தாளும் டாக்டரும் எத்தனை பேரிடம் ஒத்துப்போகிறார்கள் என்று எண்ணுவார்கள். தமிழில் மொழிபெயர்த்த தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்யவேண்டும். கவலை என்று ஒப்புவதே ஈமானுக்குக் குறை என எண்ணும் நம் பெரியவர்களிடம் சொல் மாறினால் மட்டும் போதாது.

"அதற்குக் காலமும் பணமும் ஆகும், அதுவரை இருப்பது போதும்" என்பர் சிலர். முத்திரையில்லாத தராசை வைத்துக்கொண்டு இதே சமாதானத்தை அதிகாரியிடம் நாம் சொல்லிப் பார்க்கலாமே! தாளே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெற்ற மகன் கேட்காததை அதுவாவது கேட்க வந்தது.

மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய், தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். தாதி தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.