உடையும் உரிமையும்: மின்விளையாட்டுத் துறையில் நிறுவனக் கட்டுப்பாட்டின் அற எல்லை

முன்னுரை

உடை மானங்காக்கும் பொருள் மட்டுமன்று; அணிந்தவர் யார், எவரைச் சார்ந்தவர் என்பதை உரைக்கும் மொழியுமாகும். பழந்தமிழர் போர்மரபு இதனை நன்குணர்ந்திருந்தது. சேரர் பனம்பூவையும், பாண்டியர் வேம்பையும், சோழர் ஆத்தியையும் அடையாளப் பூவாகச் சூடியமையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டுகின்றது. வீரன் சூடிய பூ அவனது தனிவிருப்பத்தைக் காட்டவில்லை. எவருடைய சோற்றை உண்டு அவன் களம் புகுந்தான் என்பதையே காட்டிற்று. அப்பூவின் இடத்தை இக்காலத்தில் நிறுவனங்களின் இலச்சினை பொறித்த சட்டை பெற்றுள்ளது. இம்மாற்றத்தைக் கூர்மையாகக் காணத்தக்க களங்களுள் ஒன்று, கணினித் திரையை ஆடுகளமாகக் கொண்ட மின்விளையாட்டு ஆகும். அத்துறையில் வீரரின் உடை, முகம், சொல் ஆகியவற்றின்மீது நிறுவனங்கள் செலுத்தும் கட்டுப்பாடு எதுவரை அறத்தின்பாற்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சீருடை தந்த மதிப்பு

மின்விளையாட்டை ஒரு தொழிலாக முதன்முதலில் நிலைநிறுத்திய நாடுகளுள் தென்கொரியா தலைமையானது. அங்கு 2000ஆம் ஆண்டில் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் தோன்றியது. 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டின் போட்டிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. எஸ்.கே. டெலிகாம், சாம்சங் முதலிய பெருநிறுவனங்கள் அணிகளைப் பேணின. வீரர்கள் நிறுவனச் சீருடை அணிந்து மேடையேறினர். பொழுதை வீணாக்கும் இளைஞரின் கேளிக்கையாகக் கருதப்பட்ட ஒன்று மதிப்பிற்குரிய தொழிலாக மாறியதில் இச்சீருடைக்கும் பங்குண்டு எனலாம். எனவே உடைநெறி என்றாலே அடக்குமுறை என்று கொள்ளுதல் பொருந்தாது. அணியை இனங்காட்டுதல், பார்வையாளரை மதித்தல், புரவலருக்கு உரிய நன்றியைச் செலுத்துதல் ஆகியன அதன் நியாயமான பயன்களாகும்.

ஆயினும், மதிப்பு என்னும் பெயரால் விதிக்கப்படும் உடைநெறி எல்லாரையும் ஒரே வகையில் தொடுவதில்லை. அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 2005ஆம் ஆண்டில் விதித்த உடைநெறி இதற்குச் சான்றாகும். அணிப் பணியில் இருக்கும்போது கையில்லாச் சட்டை, தொப்பி, ஆடைமேல் தொங்கும் சங்கிலி ஆகியவற்றை அணியக்கூடாது என்று அந்நெறி கூறிற்று. சொல்லளவில் அது பொதுவிதியே. ஆனால் விலக்கப்பட்டவை பெரும்பாலும் கறுப்பின இளைஞரின் ஹிப்ஹாப் பண்பாட்டைச் சேர்ந்த உடைகள் என்று வீரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். விதியின் சொல் பொதுவாக இருந்தும் அதன் சுமை ஒரு சாராரின்மீது மட்டும் விழக்கூடும் என்பது இதனால் புலப்படுகின்றது.

ஆட்டத்திற்கு உடைமையாளர்

பிற விளையாட்டுகளிலிருந்து மின்விளையாட்டை வேறுபடுத்தும் அடிப்படைக் கூறு ஒன்றுண்டு. கால்பந்து எவருக்கும் உடைமையன்று. ஓர் அமைப்பு விலக்கிய வீரர் பிறிதோர் இடத்தில் அதே ஆட்டத்தை ஆடலாம். மின்விளையாட்டிலோ ஆட்டமே ஒரு நிறுவனத்தின் பதிப்புரிமைச் சொத்தாகும். 'ஸ்டார்கிராஃப்ட்' ஒளிபரப்புரிமை குறித்துக் கொரியச் சங்கத்திற்கும் அதனை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனத்திற்கும் எழுந்த பிணக்கு 2011ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. நாடே கொண்டாடும் ஆட்டமாயினும் அதன்மீது உரிமை கோரும் முதலாளி ஒருவர் உண்டு என்பதை அது உணர்த்திற்று. விதி வகுப்பவர், போட்டி நடத்துபவர், குற்றம் விசாரிப்பவர், வருவாய் பெறுபவர் ஆகிய நால்வரும் இங்கு ஒருவராகவே இருத்தல் கூடும்.

இந்நிலையில் வீரரின் ஒப்புதல் என்பதன் பொருள் மெலிகின்றது. 'ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும்' என்பது பொதுவாக ஏற்கத்தக்க அறமே. ஆனால் மறுப்பதற்கு வழியுள்ள இடத்தில்தான் ஒப்புதல் முழுமை பெறும். இத்துறையில் பதின்ம வயதிலேயே தொழிலில் இறங்குவோர் பலர். அவர்தம் தொழிற்காலமோ குறுகியது. ஓர் ஆட்டத்தில் பல்லாண்டு பயின்ற திறன் மற்றோர் ஆட்டத்தில் எளிதில் பயன்படுவதுமில்லை. அவ்வாட்டத்தின் உடைமையாளர் கதவை அடைத்தால் அவருக்குப் போக்கிடம் அரிது.

கட்டுப்பாடு களத்திற்கு வெளியேயும் நீண்டதுண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் தொடரில் ஆடும் வீரர்களுக்கு ஓர் ஒப்பந்த விதியை முன்வைத்தது. பட்டியலிடப்பட்ட பிற நிறுவன விளையாட்டுகளைத் தம் சொந்த நேரலையிலும் ஆடிக்காட்டக் கூடாது என்பதே அவ்விதி. எதிர்ப்பு எழவே, போட்டி நிறுவனங்களிடம் பொருள் பெற்று விளம்பரம் செய்வதை மட்டுமே தடுக்கும் வகையில் அது திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட வடிவம் வணிக நேர்மையைக் காக்கின்றது. முதல் வடிவம் வீரரின் ஓய்வுப் பொழுதையும் உடைமையாக்க முயன்றது. அற எல்லை இவ்விரண்டிற்கும் இடையே அமைகின்றது.

முகமூடியும் பரிசும்

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நிகழ்வு 2019ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்தது. ஹாங்காங்கில் போராட்டம் வலுத்திருந்த வேளையில், பொதுக்கூட்டங்களில் முகமூடி அணிவதைத் தடைசெய்யும் அரசாணை அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. மறுநாள், பிளிசார்டின் 'ஹார்த்ஸ்டோன்' போட்டியில் வென்ற பிளிட்ஸ்சங் என்னும் ஹாங்காங் வீரர், நச்சுப்புகைத் தடுப்பு முகமூடியும் கண்காப்பும் அணிந்து நேரலை நேர்காணலில் தோன்றி, ஹாங்காங் விடுதலை குறித்த போராட்ட முழக்கத்தை எழுப்பினார். நிறுவனம் அவரை ஓராண்டு விலக்கியது. பரிசுத்தொகையையும் நிறுத்தி வைத்தது. நேர்காணல் நடத்திய வருணனையாளர் இருவருடனான தொடர்பையும் முறித்துக்கொண்டது. பொதுமக்களில் ஒரு பகுதியினரைப் புண்படுத்துவது அல்லது நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுப்பது என நிறுவனம் தன் தனி முடிவின்படி கருதும் செயல்களைத் தடுக்கும் விதியே இதற்குக் காட்டப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின், ஒரு வாரத்திற்குள் விலக்கு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது, பரிசுத்தொகையும் மீட்டளிக்கப்பட்டது. வருணனையாளர்களின் தண்டனையும் ஆறு மாத விலக்காயிற்று.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒளிபரப்பு ஆட்டத்தைப் பற்றியதாகவே அமைய வேண்டும் என்றும், மாறுபட்ட கருத்தைக் கூறியிருந்தாலும் இதே முடிவை எடுத்திருப்போம் என்றும், சீன வணிக உறவு இம்முடிவைப் பாதிக்கவில்லை என்றும் அதன் தலைவர் விளக்கினார். எல்லா அரசியல் முழக்கங்களையும் ஒருங்கே விலக்கும் விதி நடுநிலை சார்ந்ததாக இருத்தல் கூடும். மேடையை ஒருவர் பயன்படுத்தினால் அனைவரும் பயன்படுத்துவர். அதனால் ஆட்டம் பின்தள்ளப்படும் என்னும் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று.

எனினும் இவ்விளக்கம் மூன்று இடங்களில் குறைபடுகின்றது. முதலாவது, காட்டப்பட்ட விதி அரசியற் பேச்சைப் பற்றியதன்று. நிறுவனத்தின் நற்பெயரைப் பற்றியது. எது கேடு என்பதைத் தனி முடிவால் அறிவிக்கும் விதியை முன்கூட்டி அறிந்து ஒழுகுதல் எவருக்கும் இயலாது. இரண்டாவது, ஒரு வாரத்தில் பாதியாகக் குறைந்த தண்டனை, தொடக்கத்தில் குற்றத்தின் அளவைக்கொண்டு அளக்கப்படவில்லை என்பதைக் காட்டுகின்றது. மூன்றாவது, பரிசு ஆட்டத்திறனால் ஈட்டப்பட்டது. அதில் களவோ ஏமாற்றோ இல்லை. ஆட்டத்திற்குப் பின் உரைத்த சொல்லுக்காக ஆட்டத்தின் ஊதியத்தைப் பறித்தல் உழைப்பின் பயனை நடத்தைக்கான பிணையாக மாற்றுவதாகும்.

செஞ்சோற்றுக் கடன் என்னும் தமிழ்க் கருத்தாக்கம் இங்குத் தெளிவு தரும். உண்ட சோற்றுக்கு வீரன் களத்தில் தன் ஆற்றலைத் தருகின்றான், உயிரையும் தருகின்றான். அக்கடன் செயலால் தீர்க்கப்படுவது. அவன் மனச்சான்று புரவலனுக்கு விற்கப்பட்டதாக அதற்குப் பொருளில்லை. கருத்து வேறுபாட்டை மன்னனிடமே இடித்துரைத்த புலவரை நம் மரபு நன்றி மறந்தவராகக் கொள்ளவில்லை.

ஆடையும் அளவும்

எதிர்த்திசையிலான எடுத்துக்காட்டு ஒன்றும் நோக்கத்தக்கது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் நடைபெற்ற உலக அதிவேகச் சதுரங்கப் போட்டியில் மாக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்தார். அவருக்கு 200 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. உடனே மாற்ற மறுத்தமையால் அடுத்த சுற்றில் அவர் சேர்க்கப்படவில்லை. அவர் அப்போட்டியிலிருந்து விலகினார். அதே போட்டியில் காலணிக்காகத் தண்டம் பெற்ற இயன் நெப்போம்னியாச்சி மாற்றிக்கொண்டு ஆடினார். இங்கு விதி முன்னரே அறிவிக்கப்பட்டது. புகழ் பெற்றவர்க்கும் பொருந்தியது. ஆகவே பிளிட்ஸ்சங்கிற்கு இழைக்கப்பட்டதும் இதுவும் ஒன்றல்ல. பின்னர்ச் சிறு விலகல்களை அனுமதித்து உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு விதியைத் தளர்த்தியபின் கார்ல்சன் அடுத்த போட்டிக்குத் திரும்பினார். 2025ஆம் ஆண்டில் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் டீம் லிக்விட் அணியின் வீரராக ஆடிச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். ஜீன்ஸுக்காக வாதிட்டவர் அணிச்சட்டையை ஏற்றதில் முரண் இல்லை. உலக முதல்நிலை வீரருக்கு மறுக்கவும் பேரம் பேசவும் ஆற்றல் உண்டு. ஆகவே அவரது ஒப்புதல் உண்மையான ஒப்புதல். புகழில்லாத பதினெட்டு வயது வீரருக்கு அவ்வாற்றல் இல்லை என்பதே சிக்கல்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் உடைநெறி அறத்தின்பாற்பட மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது பெறப்படும். அது ஆட்டத்திற்கோ அணிக்கோ உரிய பயனைச் சுட்டவேண்டும். முன்கூட்டித் தெளிவாக வரையறுக்கப்பட்டு எல்லார்க்கும் ஒத்த சுமையாக அமையவேண்டும். களத்தையும் பணி நேரத்தையும் கடந்து மனச்சான்றின்மீது உரிமை கொண்டாடாதிருத்தல் வேண்டும். மீறலை விசாரிப்பவர் விதியால் ஆதாயம் பெறுபவராக இராமை இவற்றைக் காக்கும் அரணாகும்.

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மின்விளையாட்டைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்றது. 2025ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் அதனை முறையான போட்டி விளையாட்டாக அறிந்தேற்றுள்ளது. பந்தயப் பணத்தைப் பற்றிய கவலை அச்சட்டத்தில் மேலோங்கி நிற்கின்றது. வீரரின் முகமும் சொல்லும் எவருக்கு உரியவை என்னும் வினாவும் அதே அளவு கவனத்திற்குரியது. சட்டையில் இலச்சினையைப் பொறிக்கப் புரவலருக்கு உரிமை உண்டு. சட்டைக்குள் இருக்கும் மனிதர்மீது அவ்வுரிமை நீளாது.