சீட்டும் சொல்லும்

சீபீல்டுத் தோட்டம் சுபாங் ஜெயா நகரமாயிற்று. பெரட்டு நடந்த மண்ணில் இன்று அலுவலகங்கள். காய்ச்சலென்றால் சீட்டெங்கே என்னும் கேள்வி மட்டும் மாறவில்லை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், வைத்தியர் பரிசோதித்த பின்னரே சம்பளத்துடன் நோய் விடுமுறை தருகிறது: சேவைக் காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாட்கள்.

பொய்க் காய்ச்சலும் உண்டு. தோட்டக் கிராணிகளாகிய நாம் அதை அறியாதவரல்லோம். ஆனால் ஒருநாள் தலைவலியை வைத்தியர் எவ்வாறு காண்பார்? நோயாளி சொல்வதைக் கேட்டே எழுதுகிறார். அங்ஙனமாயின் சீட்டிலிருப்பதும் தொழிலாளியின் சொல்லேயன்றோ? நம்மிடம் சொன்னபோது ஐயத்துக்குரியதாயிருந்த சொல், முத்திரை பட்டதும் மெய்யாவதெப்படி?

பத்தாண்டு பழகிய ஒருவர், ஒருநாள் வயிற்றுப்போக்கிற் படுத்திருந்து, சீட்டின்றி வந்தார். அவர் பொய் சொல்லவில்லையென நாம் அறிவோம். அறிந்தே அன்றைய சம்பளத்தை வெட்டினோம்.