பட்டம் யார் கையில்

பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்தவருக்குப் பட்டம் இரண்டு முறை கிடைக்கிறது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், வேந்தர் தலைமையில், அந்த ஆண்டுக்குரிய பட்டங்கள் அத்தனையும் முறைப்படி வழங்கப்படுகின்றன. ஆனால் மேடையேறி வாங்குபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுவோரும் தரவரிசையில் இடம்பிடித்தோரும்தான். மற்றவர்கள் நேரில் வராமலே பட்டதாரிகள் ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்காகக் கல்லூரிகள் தனியே ஒரு விழா எடுக்கின்றன. சட்டத்தின் பார்வையில் முதலாவதுதான் செல்லும். வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குவது இரண்டாவது.

தென்சென்னைப் புறநகரில், குறிப்பாக மகளிர் கல்லூரிகளில், இந்த இரண்டாவது விழாவுக்குத் தனிக் கனம் உண்டு. குரோம்பேட்டையில் 1968இல் தொடங்கப்பட்ட ஸ்ரீமதி தேவ்குன்வர் நானாலால் பட் வைஷ்ணவ மகளிர் கல்லூரி போன்ற இடங்களுக்குப் பெண்கள் வந்துசேர வழிசெய்தது ரயில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் இருந்து, சீசன் டிக்கெட்டோடு மகளிர் பெட்டியில் ஏறி, மாலை இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்ற நிலை வந்தது. விடுதிக்கு அனுப்ப மனமில்லாத, அல்லது பணமில்லாத, எத்தனையோ பெற்றோர் அதனால்தான் சரி என்றார்கள்.

அந்தச் சம்மதம் வர வெகுகாலம் ஆனது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1883இல் காதம்பினி கங்குலி, சந்திரமுகி பாசு என்ற இரண்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கியது. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920இல்; கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆயிற்று. சென்னை மாகாணத்தில், குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பி.ஏ. முடித்தார். பிறகு ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்திப் படிக்கவைத்தார். 1914இல் இராணி மேரி கல்லூரியும், 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் வந்தன. 1916இல் தோண்டோ கேசவ் கார்வே மகாராஷ்டிரத்தில் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, தாய்மொழியில் பாடம் நடத்தினார். அதற்குச் சட்டப்படியான தகுதி கிடைத்தது விடுதலைக்குப் பிறகுதான். அரசு ஏற்காத பட்டத்தையும் பெண்கள் படித்து வாங்கிய காலம் அது. தமிழ்நாட்டின் மகளிர் பல்கலைக்கழகமான அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984இல் கொடைக்கானலில் வந்தது.

விழா பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே நடப்பதால், வருகிறவர்களின் வாழ்க்கை அதற்குள் கிளை பிரிந்திருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள நிறுவனத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஒருத்தி வருவாள். இன்னொருத்தி கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பாள். பட்டுப்புடவைக்கு மேல் வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி. புடவைத் தோளுக்குப் பொருந்தாமல் சரியும் பட்டையை ஊக்குக் குத்தி நிறுத்துவார்கள். துறைவாரியாகப் பெயர் அழைக்கப்படும். ஒருத்திக்குக் கிடைப்பது சில நொடி. ஆனாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெண்ணுக்காக நடக்கும் மற்ற விசேஷங்கள், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, எல்லாமே அவள் உடலையோ உறவையோ ஒட்டியவை. அவள் செய்து முடித்த வேலைக்காக ஊரைக் கூட்டுவது இது ஒன்றுதான். அந்தச் சில நொடிக்காக அப்பா அரைநாள் சம்பளம் விட்டு வருவது வீண் இல்லை.

பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு வீடுகள் சொல்லும் பதில் வேறாக இருக்கிறது. “மாப்பிள்ளை வீட்ல கேக்கறாங்க, ஒரு டிகிரி இருக்கட்டும்” என்பது இன்றும் காதில் விழுகிற பேச்சு. அரசும் நெடுங்காலம் அதே பாதையில்தான் உதவியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திருமண உதவித் திட்டம், 2011 முதல் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் தந்தது. பல ஏழைப் பெண்கள் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்க அது துணைநின்றது. அதை மறுக்க முடியாது. என்றாலும் பட்டச் சான்றிதழ் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து நீட்டப்பட்டது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பணம் கல்யாணத்திலிருந்து படிப்புக்கு நகர்ந்தது சரியான மாற்றம்.

வேலைக்குப் போனால்தான் பட்டத்துக்கு மதிப்பு என்று சொல்வதும் குறையான கணக்குதான். வேலைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம், பத்தாண்டு கழித்துக் கிளம்பலாம். முடிவு அவளுடையதாக இருப்பதற்குப் பட்டம் வேண்டும். அதற்கு அந்தத் தாள் அவளிடம் இருக்கவேண்டும். நடப்பில் அது அம்மா வீட்டுப் பீரோவிலோ, மாமியார் வீட்டு லாக்கரிலோ மற்ற பத்திரங்களோடு கிடக்கிறது. மனம் ஒத்துவராமல் புகுந்த வீட்டை விட்டு வெளியேறும் பெண் அவசரத்தில் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இதைத்தான். நகல் சான்றிதழ் வாங்கக் காவல் நிலையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அலையவேண்டும்.

பெயரும் கவனிக்கவேண்டியது. சான்றிதழில் இருப்பது அப்பாவின் இனிஷியலோ, அம்மாவின் இனிஷியலோ. திருமணத்துக்குப் பிறகு ஆதாரிலும் வங்கியிலும் கணவர் இனிஷியலுக்கு மாற்றிவிட்டால், வேலைக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கவேண்டி வரும். பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பல பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழை இப்போது டிஜிலாக்கரிலும் ஏற்றுகின்றன. ஆதார் வழியே அதைத் திறந்தால், ஓடிபி ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் வரும். அந்த எண் அப்பாவுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருந்தால், விழாவுக்குப் போகும் முன்பே தன் எண்ணுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஆதார் சேவை மையத்தில் சிறு கட்டணத்தில் முடிந்துவிடும் வேலை.