எந்த வெள்ளி?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானம். பக்கத்து இருக்கையில் திருச்சிக்கார அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வியாழன் இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு, வெள்ளி விடியற்காலை ஐந்தரைக்கு வருகை. "மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏறி மெட்ராஸ்ல எறங்குற நேரந்தான்" என்றார்.

தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல். பறப்பது 18 மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் நியூயார்க் கடிகாரம் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் பயணச்சீட்டில் அது ஆறு மணி நேரமாகிவிடுகிறது.

நடுவழியில் அவர் ஜன்னல் மறைப்பைத் தூக்கினார். நல்ல வெயில். சாப்பாட்டுத் தட்டும் வந்தது. "தம்பி, இது எந்தக் கிழமை? வெள்ளின்னா நான் விரதம்."

ஜப்பான் பக்கம் விடிந்தபோது வெள்ளி. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் பழையபடி வியாழன். இறங்கும்போது மறுபடி வெள்ளி. நான் இப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எதுக்கும் இருந்துட்டே போயிடுறேன்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். மேலே மூடியிருந்த அலுமினியத் தாளைப் பிரிக்கவே இல்லை.

அந்தப் பிரிக்காத தாள் என்னை விடமாட்டேன் என்கிறது.

என் அப்பாயி தூரத்தைச் சோற்றால் அளப்பாள். பழநி என்றால் இரண்டு கட்டுச்சோறு. மைல் கணக்கெல்லாம் அவளிடம் செல்லாது. இந்த விமானத்திலும் இரண்டு வேளைச் சாப்பாடுதான். அவள் கணக்கில் நியூயார்க்கும் பழநியும் ஒரே தூரம். தாளையே பிரிக்காதவருக்கு எவ்வளவு தூரம்?

நீண்ட தூரம் என்றதும் எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது: போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் இடையே குவாண்டாஸின் கட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. ஜப்பானியருக்குப் பயந்து வானொலியை அடக்கிக்கொண்டு, 27 மணி நேரத்துக்கும் மேல். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் கண்டதற்குப் பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள். எங்கள் விமானத்துக்கு வெளியே ஒரு பகல் விடிந்து அடைந்தது. பயணச்சீட்டில் அதற்கு இடமே இல்லை.

பஞ்சாங்கக்காரர்கள் உதயத்திலிருந்து நாளை எண்ணுவார்கள். அப்படியானால் ஜப்பான் பக்கம் உதித்தது வெள்ளிக்கிழமைச் சூரியன். அந்த அம்மா பட்டினி கிடந்தது சரி. ஆனால் அதே கணக்கில் நியூயார்க்கில் உதிப்பது சனிக்கிழமைச் சூரியன் அல்லவா? ஊரோ வெள்ளி என்கிறது. மறுபடியும் பட்டினியா? திரும்பும்போது இன்னொரு சிக்கல். வியாழன் இரவு ஏறினால் சனி காலையில்தான் இறங்குகிறோம். அந்த வெள்ளி எந்த ஊரிலும் கழிவதில்லை.

இருக்கும் ஊரின் கிழமையை எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை என்று தோன்றுகிறது. ஆகாயத்தில் ஊர் ஏது என்று உடனே இன்னொரு மனம் கேட்கிறது. எனக்குப் பிடிபடவில்லை. இந்த வழியில் போய்வரும் வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.