பாட்டால் சேர்ந்தவர் பட்ட கடன்

பாட்டுக்காகவே சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் வீட்டுத் துயரத்தைச் சொல்கிறார். அதைப் படித்தவர்களுக்கு ஏதேனும் கடமை உண்டா? அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. என்ன வேலை, எந்தத் தெரு என்பதும் தெரியாது. எந்தப் பாடகரின் குரலுக்கு உருகுவார், எந்த ராகம் வந்தால் மற்ற பேச்சை நிறுத்திவிடுவார் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. இந்த அளவுப் பழக்கம் ஒருவருடைய சுகதுக்கத்தில் மற்றவருக்குப் பங்கு தருமா என்பது சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் திருநெல்வேலியிலும் சார்ஜாவிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் தினமும் ஒரே பாட்டைக் கேட்டுப் பேசிக்கொள்கிறார்கள். பலருக்கு இன்று அன்றாட நட்பே இதுதான். அதற்குரிய அறத்தையும் யோசித்தே ஆக வேண்டும்.

இந்தக் குழுக்களில் துயரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாட்டோடு பாட்டாக வரும். 1977இல் வெளியான ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா ரீதிகௌளையில் அமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பல்லவியை வாய்ஸ் மெசேஜில் பாடிக் காட்டுவார். இன்னொருவர் அதே ராகத்தில் ஒரு கீர்த்தனையைத் தேடி அனுப்புவார். நடுவில் ஒரு செய்தி வந்து விழும்: “அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு இது. போன வாரம்தான் பதினாறாம் நாள் முடிந்தது.” அடுத்த நிமிடமே வேறொருவரின் ராகச் சந்தேகம் வந்திருக்கும். அவர் முந்தைய செய்தியைப் பார்க்காமல் அனுப்பியிருக்கலாம். பார்த்தும் என்ன சொல்வதென்று தெரியாமல் அனுப்பியிருக்கலாம். எப்படியானாலும் அந்தச் செய்தி மேலே போய்விடும். எழுதியவர் மட்டும் யார் யார் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்க்காதவர்களுக்குள் நட்பு என்ன, கடமை என்ன என்பது முதல் மறுப்பு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இதற்குத் தமிழர் அறிந்த பதில். இருவரும் சந்தித்ததே இல்லை. உறையூர்ச் சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, பாண்டி நாட்டுப் புலவர் தன்னிடம் வருவார் என்று உறுதியாக இருந்தான். சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். புலவர் வந்தார். இந்த வரலாற்றை வியப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். சோழன் தன் நம்பிக்கைக்கு எதை அளவாக வைத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். செல்வம் இருந்த காலத்தில் வராமல் இருந்தாலும் இருப்பார், துன்பம் வந்த காலத்தில் வராமல் இருக்க மாட்டார் என்பதே புறநானூறு காட்டும் அவன் உறுதி. முகம் பார்க்காதது அந்த நட்பைக் குறைக்கவில்லை. துன்பத்தில் வராமல் இருந்திருந்தால் குறைத்திருக்கும்.

எல்லாரும் பிசிராந்தையாராக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அதைவிட மிகச் சிறியது, செய்யக்கூடியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டு வீடுகள் விரும்பிக் கேட்ட காலத்தில், பாட்டுக்கு முன் வாசிக்கப்படும் நேயர்களின் பெயர்களும் ஊர்களும் கேட்பவர்களுக்குப் பழகிப்போயிருந்தன. பழகிய பெயர் ஒன்று சில வாரம் வராமல் போனால், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை. வழியில்லாத இடத்தில் கடமையும் இல்லை. இன்று அந்த வழி கையிலேயே இருக்கிறது. விசாரிக்க முடிகிறது என்பதாலேயே விசாரிக்க வேண்டியவர்கள் ஆகிவிட்டோம்.

இரண்டாவது மறுப்பு அட்மின்களிடமிருந்து வருவது: இது பாட்டுக்கான இடம், சொந்தக் கதை வேண்டாம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்கக் கவலையில் கிடந்துவிட்டு, அரை மணி நேரம் மறந்திருக்கலாம் என்று வருபவர்களும் அங்கே இருக்கிறார்கள். தினமும் புலம்பல் என்றானால் பாட்டு நின்றுபோகும், குழுவும் கலைந்துபோகும். ஆனால் பாட்டையும் வாழ்க்கையையும் விதி போட்டுப் பிரிக்க முடியாது. ஒரு தாலாட்டைக் கேட்பவருக்குத் தன் அம்மா நினைவு வருவதைத் தடுக்க எந்த அட்மினாலும் ஆகாது. உறவினர்களிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லவும் காரணம் உண்டு. வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் அது சம்பந்தி வீடு வரை போகும். பத்து வருஷம் கழித்தும் ஒரு கல்யாண வீட்டில் திரும்பி வரும். இங்கே கேட்பவர்களுக்கு அவருடைய குடும்பக் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. அந்த நம்பிக்கையில் சொன்னவரிடம் விதியைக் காட்டுவது முறையாகாது. நீளமாகப் பேச வேண்டியதைத் தனியே பேசலாம். முதல் ஆறுதலைச் சொன்ன இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பதில் சொல்வார்கள் என்ற எண்ணம் அது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்னும்போது அந்த எண்ணத்துக்கு இடமும் பெரிது. அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவரையொருவர் பார்க்காமல் மைக் வழியாகத் தங்கள் சொந்தச் சிரமங்களைப் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒரு குரல் வலிப்பு வந்து திணறியது. அது முன்பே பதிவு செய்த குரல் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். உட்கார்ந்தே இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பலருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது. அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று பிறகு விசாரித்தார்கள். இரக்கம் இருந்தது, உதவ வேண்டிய ஆள் தான்தான் என்ற எண்ணம் இல்லை.

ஆகவே இங்கே அறம் என்பது இரக்கத்தை வளர்ப்பதைவிட, எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளியாமல் இருப்பது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் இருந்தபோது, 2020 ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்கும்படி திரைத்துறையினர் கேட்டார்கள். எங்கெங்கோ இருந்தவர்களும் அதே நேரத்தில் கைகூப்பினார்கள். உயர்ந்த செயல் அது. அதே ஆகஸ்டில் எத்தனையோ சாதாரண ரசிகர்களின் வீட்டிலும் ஒருவர் கொரோனா வார்டில் இருந்தார். பாடகருக்காக நெகிழ்ந்த மனம், அவரைத் தன்னோடு சேர்ந்து ரசித்தவருக்காகவும் நெகிழ வேண்டும். பாட்டு ஒருவரைப் பண்படுத்தியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், சொந்த வார்த்தையில் ஒரு பதில். வரிசையாக வந்து விழும் கைகூப்பும் எமோஜியில் இன்னொன்றைச் சேர்ப்பது போதாது. அப்பாவை இழந்தவரிடம் அவர் அப்பாவுக்கு வேறு என்ன பாட்டெல்லாம் பிடிக்கும் என்று கேட்பது இந்தக் குழுவால் மட்டுமே தர முடிந்த ஆறுதல். அடுத்து, பத்து நாள் கழித்துத் தனியே ஒரு விசாரிப்பு. முதல் நாளில் எல்லாரும் இருப்பார்கள்; துக்கம் உறைப்பது எல்லாரும் போன பிறகு. கேட்காத வைத்தியத்தையும், கர்மவினை விளக்கத்தையும் சொல்லாமல் இருப்பதும் கடமையில் சேர்ந்ததே.

பணம் வேறு விஷயம். முகம் தெரியாதவருக்குக் கொடுக்க மறுப்பது பாவம் ஆகாது. விசாரித்துவிட்டுக் கொடுப்பதும் அவமதிப்பு ஆகாது. ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது கொடுக்காமல் இருக்கக் காரணமாகலாம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கக் காரணமாகாது. அந்த வார்த்தையை ஏமாற்றுக்காரனுக்கே சொல்லியிருந்தாலும் சொன்னவருக்கு நஷ்டமில்லை.

கேட்டதைக் கேட்ட இடத்திலேயே வைத்திருப்பது இவற்றையெல்லாம்விடக் கண்டிப்பான கடமை. ஒருவருடைய துயரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, “பிரார்த்தனை செய்யுங்கள்” என்று இன்னொரு குழுவுக்கு ஃபார்வர்டு செய்பவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் யாருக்குச் சொல்வது என்ற முடிவு துயரத்துக்கு உரியவருடையது. இதற்கு ஒரே விலக்கு உயிர். இனி வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒருவர் எழுதினால், ரகசியம் காப்பது அறமாகாது. அவரோடு பேச்சைத் தொடர்ந்துகொண்டே, அவர் ஊரில் அவரை அறிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர் என்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐத் தர வேண்டும். பிறகு அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

துயரத்தைப் பற்றியே பேசி, மகிழ்ச்சியில் உள்ள கடனை விட்டுவிடக் கூடாது. அதுதான் உண்மையில் கடினம். ஸ்மியூல் செயலியில் ஒருவர் டூயட்டில் தன் பாதியைப் பாடி வைத்துவிட்டு, மறுபாதிக்கு யாராவது சேரட்டும் என்று காத்திருக்கிறார். சுருதி கொஞ்சம் விலகியிருக்கிறது. பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. வேலை முடிந்த ராத்திரியில் துணிந்து பாடிய அந்தக் குரலோடு நன்றாகப் பாடத் தெரிந்தவர் ஒருவர் வந்து சேர்ந்தால், அந்த வாரமே பாடி வைத்தவருக்குத் திருவிழாதான். அதே ஆளுக்குப் பிறகு ஒரு மேடை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். துக்கத்தில் ஓடி வந்தவர்களில் சிலர் இப்போது பேசாமல் இருப்பார்கள். இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார். மகிழ்கிறவர் சமமாக நிற்க வேண்டியிருக்கிறது. பிறர் ஏற்றத்தில் மனதாரச் சந்தோஷப்படாதவர் அவர் இறக்கத்தில் காட்டிய பரிவும் முழுமையானதாக இருக்காது.

சொல்பவருக்கும் கடமை உண்டு. அறுவைசிகிச்சை என்று சொல்லிக் கவலைப்பட வைத்தவர், அது நல்லபடியாக முடிந்ததையும் வந்து சொல்ல வேண்டும். தன் பாரத்தை இறக்கி வைத்த இடத்தில் மற்றவர் பாரத்துக்கும் காதுகொடுக்க வேண்டும். வாங்குவது மட்டுமே வழக்கமானால், எந்த நட்பும் வறண்டுபோகும்.

இந்தக் கடமைகள் எவையும் பெரிய தியாகம் கேட்பவை அல்ல. நேரத்தில் சில நிமிடம், வாயில் ஒரு கட்டுப்பாடு, மனத்தில் பொறாமைக்கு ஒரு தடை. ஒரு ஸ்வரம் அரை மாத்திரை முந்தி வந்தால் கண்டுபிடிக்கும் காது இவர்களுடையது. சக ரசிகர் குரலில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது தன் காதில் விழவில்லை என்று சொல்லும் உரிமை அந்தக் காதுக்கு இல்லை. யாராவது கேட்பார்கள் என்று விடாமல், கேட்டவர் தானே பதில் சொல்ல வேண்டும்.