திரும்பி வரும் வழி

போர்க்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய மொரிஸ் மைனர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன. பொனற்றைத் திறந்தால் பற்றரி கண்ணெதிரே இருக்கும். ஸ்பானரை எடுக்குமுன் சற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது. எந்த முனையின் வயர் காரின் உடம்பில் முறுக்கியிருக்கிறது? அதுதான் எர்த். இன்றைய கார்களில் மைனஸ். 1948 முதல் 1971 வரை வந்த இந்தக் காரில் பிளஸ். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். எத்தனையோ பேர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். பற்றரியின் இரண்டு ஈய முனைகளில் தடித்தது பிளஸ். அதை நம்பலாம்.

*

ஸ்டார்ட்டர் முனகினால் உடனே பற்றரியைத்தான் குறை சொல்கிறோம். போன மின்சாரம் திரும்பி வர வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. எஞ்சினையும் உடம்பையும் இணைப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டை மட்டுமே. அது அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் அவ்வளவு மின்சாரமும் மெல்லிய சோக் கேபிளில் ஏறித் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள் சுட்டுப் புகைகிற காரில் முதலில் அந்தப் பட்டையைத்தான் தேட வேண்டும்.

வோல்ட் மீற்றரின் ஒரு முனையை எர்த் பக்க ஈயத்தில், கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே அழுத்துங்கள். மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பில். ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை திரும்பும் வழியில். பெயின்ற்றையும் துருவையும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டி இறுக்கினால் பல கார்கள் அன்றே எழும்பிவிடும்.

*

பற்றரியை மாறிப் பூட்டினாலும் ஸ்டார்ட்டர் அதே பக்கம்தான் சுற்றும், பல்புகளும் எரியும். அதனால்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. ஆனால் கொயில் தலைகீழாகிப் பிளக்கில் பொறி மெலியும். டைனமோவின் இரும்பில் தங்கிய காந்தம் பழைய திசையையே நினைத்திருக்கும். அதனால் டைனமோ பற்றரியோடு மோதிக் கட்அவுட்டைக் கருக்கும். ஆல்ட்டனேற்றர் மாற்றிய காரென்றால் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

புது வாகனத்திலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு பம்பரும் முட்டவே கூடாது. ஒன்றின் உடம்பு பிளஸ், மற்றதன் உடம்பு மைனஸ். முட்டினால் நேரே ஷோர்ட்.

*

பற்றரி கழற்றும்போது எர்த் பக்கம் முதலில், அதாவது இங்கே பிளஸ். பூட்டும்போது அதுவே கடைசி. ‘பிளஸ் எர்த்’ என்று பெரிதாக எழுதிப் பற்றரிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்துப் பொனற்றைத் திறப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.