கனவில் அறிவும் வினையும்

ஒருவன் கனவில் தன் உடன்பிறந்தானைக் கொல்கின்றான். விழித்தெழுந்து, நெஞ்சு படபடக்கப் பக்கத்துப் பாயில் அவன் நலமே உறங்குவதைக் கண்டு, 'கனவே' என்று ஆறுதலடைகின்றான். அக்கொலைக்கு அவனைக் குற்றவாளி என்பார் ஒருவருமிலர். ஆயினும் அன்று பகலெல்லாம் தம்பியின் முகத்தை நேரே நோக்க அவனுக்குக் கூசுகின்றது. இக்கூச்சம் வெறும் பேதைமையோ, அன்றி உள்ளதொன்றை உணர்த்தும் அறிகுறியோ? கனவிற் செய்தது வினையாகுமோ, ஆகாதோ? இவ்வினா பழையதேயாயினும், இக்காலத்துக் கனவாராய்ச்சியினால் அது புதியதொரு கூர்மை பெற்றுள்ளது.

சிதம்பரத்திற்கு வடகிழக்கே கடலை அடுத்துள்ளது கிள்ளை. அவ்வூரிலிருந்து நாடோறும் அண்ணாமலைநகர் சென்று, 1929-ஆம் ஆண்டிற் றோன்றிய பல்கலைக்கழகத்தில் உளநூல் பயிலும் மாணவன் ஒருவனைக் கருதுக. அவன் தன் ஆய்வுப் பயிற்சிக்குக் கனவையே பொருளாக எடுத்துக்கொள்கின்றான். தலைமாட்டில் ஓர் ஏட்டை வைத்து, விழித்தவுடன் கண்ட கனவை மறவாமுன் எழுதுகின்றான். பகலிலே பலமுறை 'இஃது இப்பொழுது நனவோ, கனவோ?' என்று தன்னைத்தானே வினவி, தன் கையை நோக்கியும், எழுத்தை ஒருமுறை படித்து மீண்டும் படித்தும் பார்க்கின்றான். கனவிலே எழுத்துக்கள் இரண்டாம்முறை நோக்குங்கால் மாறிவிடுதல் பெரும்பான்மை என்பர். பகலிற் பழகிய இவ்வினா சின்னாளிற் கனவினுள்ளும் எழுகின்றது. எழுந்தபொழுது அவன் உறங்கிக்கொண்டே, 'யான் காண்பது கனவு' என்று அறிகின்றான். அறிந்தபின் கனவைத் தான் வேண்டியவாறு நடத்தவும் ஒருவாறு இயல்கின்றது.

இதனை மேனாட்டார் தெளிந்த கனவு என்னும் பொருள்பட வழங்குவர். ஈண்டுத் தெளிகனவு என்று வழங்குதும். இப்பெயரை 1913-இல் நிலைபெறச் செய்தவர் ஒல்லாந்து நாட்டு மருத்துவர் பிரெடரிக் வான் ஈடன் என்பார். அவர் 1898 முதல் 1912 வரை தாம் கண்ட இத்தகைய கனவுகள் 352-ஐக் குறித்து வைத்திருந்தார். உறங்குவோனுக்குள்ளேயே ஏதோ ஒன்று 'இது கனவு' என்று கூறுதல் உண்டு என்பதை அரித்தாட்டிலும் எழுதியுள்ளார். ஆயினும் நெடுங்காலம் அறிஞர் பலர் இதனை நம்பவில்லை. கனவு கண்டவன் விழித்தபின் சொல்லுஞ் சொல்லன்றி வேறு சான்று இல்லாமையே அதற்குக் காரணம்.

சான்று கிடைத்த வகை வியப்புடையது. கனவு மிகுதியுந் தோன்றும் உறக்கத்தில் கை, கால் முதலியவற்றின் தசைகள் செயலற்றுக் கிடக்கும்; அவ்வுறக்கத்தில் கண்மணிகள் மூடிய இமையினுள் விரைந்தசையும் என்பது 1953-இல் சிக்காகோவில் வெளியிடப்பட்டது. 1975-இல் இங்கிலாந்தின் அல் நகரில் கீத் எர்ன் என்பவர், தெளிகனவு காண வல்ல ஒருவரிடம், கனவென்று அறிந்தவுடன் கண்களை முன்னரே குறித்தவாறு இடமும் வலமுமாக அசைக்கும்படி சொல்லிவைத்தார். அவர் அவ்வாறே அசைத்தார். உறக்கம் கலையாமலே அக்குறிப்பு கருவியிற் பதிந்தது. பின்னர் இசுட்டான்போர்டிலே இலாபெர்சு என்பவரும் அவ்வாறே காட்டினார். 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, ஒல்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்களில் உறங்குவோரிடம் எளிய கணக்குகள் கேட்கப்பட்டன. 'எட்டில் ஆறு போனால் எத்தனை?' என்பது அவற்றுள் ஒன்று. அவருட் சிலர் கனவினுள் இருந்தபடியே கண்ணசைவால் 'இரண்டு' என்று விடையிறுத்தனர். எல்லாரும் விடையிறுத்தாரல்லர், பலமுறை விடையே வரவில்லை. ஆயினும் சிலரேனும் இறுத்தமை ஐயமற நிறுவப்பட்டது.

இனி இதனைச் சித்தாந்தத்தொடு வைத்து நோக்குதும். உயிர் நனவில் 35 கருவிகளொடு புருவநடுவில் நிற்கும். அவை அறிபொறி 5, தொழிற்பொறி 5, சத்தம் முதலியன 5, வசனம் முதலியன 5, வாயு 10, அந்தக்கரணம் 4, புருடன் 1. கனவில் அறிபொறியும் தொழிற்பொறியுமாகிய பத்தும் நீங்க, எஞ்சிய 25-உடன் உயிர் கண்டத்தில் நிற்கும். உறக்கத்திற் சித்தமும் பிராணனும் புருடனுமாகிய மூன்றே உள, அவ்விடம் இதயம். பேருறக்கமும் உயிர்ப்படக்கமும் அதற்குங் கீழன. அரசன் உலாப்போந்து மீளுங்கால் வாயில்தோறும் பரிவாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே செல்வதாக இதனை விளக்குதல் சித்தாந்த வழக்கு. கனவு அவ்வரசன் முதல்வாயிலைக் கடந்த நிலை. வாயில் காப்போர் புறத்தே நின்றுவிட்டனர். அமைச்சராகிய அந்தக்கரணங்கள் நால்வரும் இன்னும் உடனிருக்கின்றனர். இவ்வொன்று பின்னர் வேண்டப்படும்.

ஈண்டு ஒரு தடை எழும். பொறிகள் கனவில் ஒழிந்தனவாயின், கண் அசைந்து விடையிறுத்தது எங்ஙனமெனின், கண்ணாகிய பொறி என்பது காணும் ஆற்றலேயன்றிக் கண்மணியாகிய தசைப்பிண்டம் அன்று. மூடிய இமையினுள் அசைந்த அக்கண் புறத்தே ஒன்றனையும் கண்டிலது. அசைவோ வாயுவின் தொழில். பத்து வாயுக்களுட் கூர்மன் என்பது இமைத்தல் விழித்தல்களுக்கு உரியதாகச் சொல்லப்படும். அவ்வாயுக்கள் பத்தும் கனவில் எஞ்சிய 25-இல் அடங்கும். இது பொருந்துமாற்றைக் காட்டிற்றே; இதுகொண்டு அல் நகரத்து ஆராய்ச்சியை நம் முன்னோர் முன்னரே கண்டனர் எனப் பறையறைதல் வேண்டா. நூல்கள் அவத்தைகளைக் கூறியது உயிரின் இயல்பை உணர்த்தற்கேயன்றி, உறக்கத்தை அளத்தற்கு அன்று.

இதனினும் பெரியது மற்றொரு தடை. கனவினுட் கனவென்று அறிதல் ஞானமாமோ? ஆமெனச் சொல்ல விழைவார் பலர். மாயாவாதியர் உலகினைக் கனவோடு ஒப்பித்து, விழித்தவனுக்குக் கனவு பொய்யானவாறு ஞானிக்கு உலகு பொய்யாம் என்பர். தெளிகனவு அவர்க்குப் புதியதோர் உவமையாகும்: கனவிலிருந்தே கனவைப் பொய்யென அறிதல் கூடுமாயின், உலகிலிருந்தே உலகைப் பொய்யென அறிதலுங் கூடும் என்று அவர் கூறலாம். அற்றன்று. அம்மாணவன் கனவைக் கனவென அறிந்தது கனவின் துணையாலன்று. நனவு என ஒன்று உண்டென்பதும், அங்கே தன் உடல் பாயிற் கிடக்கின்றதென்பதும், அங்கே தனக்கு ஒரு பயிற்சி சொல்லப்பட்டதென்பதும் அவனுக்கு நினைவிருந்தமையாலன்றோ அறிந்தான்? நனவையே காணாத ஒருவன் உளனாயின், அவன் எத்துணை நாட் கனவு காணினும் அதனைக் கனவென்று அறிதல் எங்ஙனம்? ஆகவே தெளிகனவு நனவின் உண்மையை அழிப்பதன்று. அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு நிற்பது.

பெண்ணாகடத்தில் அவதரித்த மெய்கண்டார் உயிருண்மை காட்டிய மூன்றாஞ் சூத்திரத்திலே, உயிர் உணர்த்த உணரும் இயல்பினது என்பதையும் ஓர் ஏதுவாக வைத்தார். தெளிகனவு இவ்வேதுவிற்கு நல்ல எடுத்துக்காட்டு. உறங்குவோர் கனவென்று அறிதற்கு உதவியாக ஆய்வுக்கூடங்களில் ஒலியும் ஒளியும் புறத்தினின்று தரப்படுகின்றன. விழித்திருப்பவன் கேட்கக் கனவுகாண்பவன் விடை கூறுகின்றான். கட்டுண்டான் கட்டினை அறிதற்குக் கட்டில்லாதான் ஒருவன் வேண்டும். அன்றியும் கனவென்று அறிந்தவுடன் கனவு நீங்கிற்றில்லை. அறிந்தவன் அதனுள்ளேயே இருக்கின்றான். கட்டென அறிதல் வேறு, கட்டறுதல் வேறு. (அறிதுயில் என்னும் பழஞ்சொல் இருக்கத் தெளிகனவு என்னும் புதுச்சொல் எற்றுக்கு எனின், அது தில்லைக் கோயிலினுள்ளேயே கோவிந்தராசராய்ப் பள்ளிகொண்ட திருமாலுக்கு உரிய சொல், உளநூல் மாணவனுக்கு அதனை அளித்தல் மிகையாம்.)

வினைக்கு வருவோம். கனவில் தொழிற்பொறிகள் இல்லை; ஆதலின் வினை இல்லை என்று எளிதின் முடித்துவிடலாமோ எனின், ஆகாது. வினை மனம், வாக்கு, காயம் என மூவழியானும் வருவது. மேற்காட்டியவாறு அந்தக்கரணங்கள் நான்கும் கனவில் உள்ளன. புத்தருடைய விநய நூலும் இவ்விடர்ப்பாட்டைக் கண்டது: கனவில் எண்ணம் உண்டு, ஆயினும் அது குற்றமாக எண்ணப்படும் அளவினதன்று என அது துறவிக்கு விலக்களித்தது. கிறித்தவருள் அகத்தீன் என்பார் தம் வாக்குமூல நூலின் பத்தாம் பகுதியில், நனவில் தாம் விலக்கிய காமக்காட்சிகளுக்குக் கனவில் இணங்கினமை குறித்து, 'அப்பொழுது அங்கிருந்தவன் யானல்லனோ?' என்னும் கருத்துப்பட ஏங்கினார். அவ்வேக்கம் பொய்யன்று.

கிள்ளைக்கு உரியதாகச் சொல்லப்படும் ஒரு புராணச் செய்தி இவ்விடத்து உதவும். தில்லையின் தீர்த்தங்கள் பத்தனுள் ஒன்றாகிய பாசமறுத்த துறை கிள்ளையை அடுத்த கடற்றுறையே. இருளிலே தன் ஆசான் வரக் கண்ட வருணன் பகைவனென்று மயங்கிப் படை ஏவிக் கொன்றான். அக்குருக்கொலைப் பாவம் அவனைப் பிணித்துக் கடலிற் கிடத்திற்று. மாசி மகத்தன்று இறைவன் தோன்றி அப்பாசத்தை அறுத்தான். ஆசான் என அறியாதே செய்தானாகவும் பிணிப்புண்டது என்னை? ஆள் இன்னானென்பது ஒன்றே அவன் அறியாதது. கொல்லும் எண்ணம் அவனுடையதே. இருள் எண்ணத்தைப் பிறப்பிப்பதன்று. உள்ள எண்ணத்தை இலக்கின்மேல் மாறிப் பாயச் செய்வது. இயல்பான கனவும் இத்தகையதே. தம்பியைக் கொன்றோன் இரவிலே புதியதொரு பகையைச் சமைத்தானல்லன். பகலிலே சொத்துப்பற்றியோ சொற்பற்றியோ உள்ளே வைத்த புகைச்சல் இரவில் உருப்பெற்றது. ஆதலின் கனவுக்கு அவன் பொறுப்பல்லன். அக்கனவை விதைத்த பகலுக்குப் பொறுப்புடையன். காலையில் அவனுக்கு உண்டான கூச்சம் தகுதியுடையதே. அதனைக் 'கனவே' என்று துடைத்துவிடுதலினும், தம்பியோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளுதல் மேல்.

தெளிகனவில் நிலைமை வேறாகின்றது. அங்கே இருளும் இல்லை, மயக்கமும் இல்லை; 'கனவு' என்று அறிந்தும், 'யாரும் அறியார், யார்க்கும் தீங்கில்லை' என்று துணிந்தும் ஒருவன் பிறன்மனையை நயப்பானாயின், அல்லது பகைவனை வதைத்து மகிழ்வானாயின், அவ்வெண்ணம் நனவின் எண்ணத்தோடு எவ்வாற்றான் வேறுபடும்? வருணனுக்கேனும் இருள் இருந்தது. பிறர்க்குத் தீங்கில்லை என்பது உண்மையே. அதனால் வழக்குமன்றத்தில் அவன் குற்றமற்றவன். உயிரின் கணக்கோ பிறர்க்கு நேர்ந்த தீங்கை மட்டும் எழுதுவதன்று. கனவில் முற்றதிகாரமும் பெற்றவன் அதனை எதன்பொருட்டுச் செலுத்துகின்றானோ, அதுவே அவன். தடையின்மையில் ஒருவன் செய்வது அவனை நன்கு காட்டும். தெளிகனவு கைவந்தோர் முதலில் விரும்புவன பறத்தலும் போகமுமே என்பது இப்பயிற்சியைப் பற்றி எழுதியோர் பலரும் ஒப்புவது. பறத்தலிற் பழுதொன்றும் இல்லை. ஆயினும் 'என் விருப்பமே இங்கு உலகு' என்னும் பழக்கம் நாடோறும் வளருமாயின், யான் எனது என்னும் செருக்கு விழித்தபின் பாயிலேயே படுத்திராது.

அங்ஙனமாயின் அம்மாணவன் அப்பயிற்சியை விடுதல் வேண்டுமோ? அவ்வாறு விதித்தல் அவசரமாகும். நல்ல கனவைத் தானே சமைத்துக்கொள்ளலாம் என்று அவன் எண்ணுவானாயின் மட்டும், தில்லையெல்லையிலே துயின்ற திருநாளைப்போவாரை அவனுக்கு நினைவூட்டலாம். உள்ளே புகப்பெறாது வருந்தித் துயின்ற அவர் கனவில் இறைவன் தோன்றி அருளினான். அந்தணர்க்கும் அப்பரிசே அறிவித்தான். அவ்வரலாற்றில் அவர் தீயிற் புகவேண்டியதேன் என இக்காலத்தார் எழுப்பும் வினா தனியே ஆராயத்தக்கது. ஈண்டைக்கு வேண்டுவது, அக்கனவு அவர் விருப்பத்தால் வளைக்கப்பட்டதன்று என்பதே. அவர் ஒன்றும் நடத்தினாரல்லர்; கேட்டார்.

இனிப் பயன்படும் பக்கத்தையும் காட்டாது விடுதல் நடுவுநிலையன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்துக் கடற்கரையைத் தாக்கியது. கிள்ளையை அடுத்த குப்பங்களிலும் உயிர்கள் மாய்ந்தன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் தமக்குப் பின்னிருந்த ஊர்களுக்கு ஓரளவு அரணாயின என்பர். பேரிடரிற் பிழைத்தவர்க்கு அதே காட்சி கனவில் மீண்டும் மீண்டும் வருதல் மருத்துவர் நன்கறிந்தது. வினை நுகர்ச்சி என்று சொல்லி அவர்களை அவ்வச்சத்திலேயே விட்டுவிடுதல் சைவத்தின் கருணையன்று. இத்தகைய தீக்கனவுகளுக்குத் தெளிகனவுப் பயிற்சியை மருந்தாக்கும் முயற்சி மேனாடுகளில் நடைபெற்று வருகின்றது. சிலர்க்குப் பயனளித்தது, சிலர்க்கு அளித்திலது.

ஆழிப்பேரலையில் தாயை இழந்து, அலை துரத்த ஓடும் கனவையே ஆண்டுதோறும் கண்டுவந்த ஒருவன் அம்மாணவனிடம் அப்பயிற்சியைக் கற்றுக்கொள்கின்றான் எனக் கொள்க. ஓரிரவு ஓடுகின்ற கால் நிற்கின்றது. 'இது கனவு' என்று அறிகின்றான். அலையை மறைந்துபோகச் செய்ய அவனால் இயலும்; கடலையே வற்றச் செய்யவும் இயலும். அவன் அவற்றைச் செய்யாது, திரும்பி நின்று, அலை வருந் திசையிலே தாயின் பெயரைச் சொல்லி அழைக்கின்றான். விழித்தபின் மாணவனுடைய ஏட்டில் எழுதுதற்கு அவன் ஒன்றுங் கூறவில்லை. எழுந்து விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு கடற்கரைக்குச் செல்கின்றான்.